எட்டு முழத்தில் பெரியப்பா

1. கனடாவிலிருந்து பெரியப்பாவின் தம்பி அனுப்பிய பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பழைய புரொஜெக்டர், எட்டு மில்லிமீற்றர் படச்சுருள் ஒன்று, உள்ளங்கையை நிறைக்கும் கனத்த லென்ஸ் ஒன்று.

2. லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். முற்றத்துக் கிணறு ஒடுங்கித் தெரிந்தது. பழைய படங்களைப் பேணப் படித்தவள் என்ற மிடுக்கில், பெட்டிச் சாமான்களின் பட்டியலில் "பழுது" என்று எழுதி ஒதுக்கினேன்.

3. மத்தியானம் யன்னல்களைச் சாத்தி, சுவரில் கட்டில் விரிக்கும் பெற்சீற் ஒன்றைக் கட்டி, படத்தை ஓடவிட்டேன்.

4. பெரியம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "இது ஆர்? இது என்ர மனிசன் இல்லை" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. புங்குடுதீவு வீட்டில் தனியே இருக்கிறார். தெற்கில் கடை வைத்திருந்த பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். இடம்பெயர்ந்த காலத்தில் அல்பங்கள் எல்லாம் தொலைந்துபோக, அவர் முகம் மிஞ்சியிருந்தது இந்தச் சுருளில் மட்டுந்தான். அதில் நெடுத்த, கன்னம் ஒட்டிய யாரோ ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார். மோட்டரைப் பார்த்தேன், பிலிமின் துளைகளைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அப்படியானால் இது வேறு யாருடைய சுருளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் தேங்காய் துருவிக்கொண்டே பெரியம்மா சொன்னார்: "அவருக்கு நல்ல வண்டியடி பிள்ளை, பானை வயிறு. படலைக்குள்ள முதல்ல வண்டிதான் வரும், பிறகுதான் ஆள்." கொஞ்சம் பொறுத்து, "நீ சுவரில சீலையும் பிழையாத்தான் கட்டினனீ. அவர் தன்ர எட்டு முழ வேட்டியைக் குறுக்கால கட்டித்தான் படம் காட்டுவார்."

"படம் அவ்வளவு அகலமே?"

"ஓம். இந்த மூலையிலயிருந்து அந்த மூலை மட்டும். இது தெரியாமல் என்னத்தைப் படிச்சனீ?"

பழுது லென்ஸில் இல்லை, என்னில்தான். கமராவுக்கு முன்னால் அந்த லென்ஸைப் பொருத்தி, அகன்ற காட்சியை ஒடுக்கிச் சின்னப் பிலிமுக்குள் அடைத்திருக்கிறார்கள். புரொஜெக்டருக்கு முன்னால் அதே லென்ஸை வைத்தால்தான் அது மறுபடி விரியும்.

அலுமாரியிலிருந்து பெரியப்பாவின் வேட்டியை எடுத்துச் சுவரின் நீளத்துக்குக் கட்டினோம். புத்தகங்களை அடுக்கி லென்ஸை வைத்தேன். அவசரத்தில் அது கிடைவாட்டுக்குப் பதில் குத்துவாட்டில் நின்றுவிட்டது. ஒடுங்கியிருந்தவர் இன்னும் நெடுத்துப் போனார்.

"ஐயோ பிள்ளை, மனிசனை உலக்கையாக்கிப் போட்டாய்!" பெரியம்மா கதிரையில் குலுங்கிச் சிரித்தார்.

லென்ஸை மெல்லத் திருகினேன். பெரியப்பா அகன்றார். கன்னம் வந்தது, தோள் வந்தது, கடைசியாக வண்டி வந்தது. பெரியம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. இறங்குதுறையின் இடது ஓரத்தில் பெரியப்பா, வலது ஓரத்தில் குடையோடு ஓர் இளம்பெண், பெரியம்மாவின் அதே சாயல். நடுவில் முழுக்கக் கடல். எட்டு முழத்தையும் அவர் ஆறுதலாக நடந்து கடந்து, அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

"அவர்தான்," என்றார் பெரியம்மா. "அவசரமாய் நடக்கவே மாட்டார்."

மூன்று தரம் ஓட்டினோம். மூன்றாம் தரம் முடிய பல்பு எரிந்துபோனது. ஓடும்போது என் போனில் எடுத்திருந்த பிரதியைப் போட்டுக் கொடுத்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் நகத்தளவு பெரியப்பா. பெரியம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

பட்டியலில் "பழுது" என்பதை வெட்டிவிட்டேன். லென்ஸ் பஞ்சு சுற்றி அலுமாரியில் இருக்கிறது. பல்பு இன்னும் கிடைக்கவில்லை. வேட்டியைக் கழற்றப் பெரியம்மா விடவில்லை.