தளர்ந்த பிடி

வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சியில் தொடர்ந்து இரண்டு முறை நான் தேறவில்லை. அப்போது விழுப்புரம் ஆயுதப்படையில் காவலராக இருந்தேன். பிஸ்டலில் பத்து ரவுண்டு சுட்டால் மூன்று குறிப்பலகையில் படும். மற்றதெல்லாம் கீழே மண்மேட்டில் புதையும்.

"மண்ணுக்குள்ள யாரும்மா ஒளிஞ்சிக்கினு இருக்கான்?" என்று பயிற்சி ஆய்வாளர் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

என்னைத் தேற வைத்தவள் என் தோழி. ஒரே ஆண்டில் பணிக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பேர் வீடும் திண்டிவனத்தில். காலையில் ஒரே பஸ்ஸில் விழுப்புரம் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். சுடுவதில் அவளை மிஞ்ச எங்கள் படையில் பெண்கள் யாரும் இல்லை.

ஒரு நாள் சுடுதளத்தில் என் பின்னால் வந்து நின்று, முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடு, பாக்கறேன்."

சுட்டேன். என் முதுகு அவள் கையில் போய் மோதியது.

"இன்னாடி இது? துப்பாக்கி உன்னத் தள்ளறதுக்கு முன்னாடியே நீ ஓடறதுக்கு ரெடியா நிக்கற. உதைக்கத்தான் செய்யும். உதைக்கட்டும், நீ முன்னாடி சாஞ்சி நில்லு."

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிறுத்தினாள். முழங்காலைப் பின்னாலிருந்து தட்டி லேசாக மடங்க வைத்தாள். உடம்பின் பாரம் குதிகாலில் நிற்கக் கூடாது, பாதத்தின் முன்பக்கம் இறங்க வேண்டும் என்றாள். வலது கை கைப்பிடியில் எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே. இடது கை அதன்மேல் இடைவெளி இல்லாமல் அழுந்த வேண்டும். குண்டுகள் கீழே போனதற்குக் காரணத்தையும் அவள்தான் கண்டுபிடித்தாள். உதை வரப்போகிறதே என்ற பயத்தில், விசையை இழுக்கும்போதே பிஸ்டலின் மூக்கை நான் கீழே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு மாடிக்குப் போவேன். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்போம். யார் கை முதலில் இறங்குகிறதோ அவர் டீ போட வேண்டும். எப்போதும் நான்தான் போடுவேன். அவள் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள்.

அடுத்த பயிற்சியில் என் பத்து ரவுண்டும் பலகையில் பட்டன. ஆய்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள்தான் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

இரண்டு வருடம் கழித்து மண்டலப் போட்டிக்கு அணி எடுத்தார்கள். பெண்களுக்கு நான்கு இடம். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு அவளும் நானும். அவளுக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்து நான் கவலையில்லாமல் போனேன்.

முதல் ரவுண்டு சுட்டதும் அவள் பிஸ்டல் சிக்கிக்கொண்டது. காலித் தோட்டா வெளியே விழாமல், அது தெறிக்கும் பக்கத் திறப்பிலேயே மாட்டியிருந்தது. சரிசெய்து சுட்டாள். மறுபடி சிக்கியது. பிஸ்டலை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் சிக்கியது. ஆய்வாளர் அதே பிஸ்டலை வாங்கி ஐந்து ரவுண்டு சுட்டார். ஒன்றுகூட மாட்டவில்லை.

"துப்பாக்கி நல்லாத்தான்மா இருக்குது. பிடி தளர்ந்தா இப்படித்தான் மாட்டும். உனக்கு நான் சொல்லணுமா?"

நான்காவது இடம் எனக்கு வந்தது.

அன்று பஸ்ஸில் அவள் மயிலம் தாண்டும்வரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அப்புறம், "நல்லா சுட்டடி" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்கலாம்? எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஜெயித்த திமிர் எனக்குள் இருந்தது. "நீ இப்பல்லாம் அசால்ட்டா இருக்க. பிராக்டீஸே பண்றதில்ல. அதான் பிடி போயிடுச்சி" என்றேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினேன். பதக்கத்தை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். டீ கொண்டுவந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் பாதி தரையில் சிந்தியது. துடைக்கக் குனிந்தவள் துணியைப் பிழிய முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவரைத்தான் கேட்டேன். "அண்ணா, எத்தினி நாளா இப்படி?"

"நாலு மாசம் இருக்கும்மா. அவ யூனிபார்ம் பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். டாக்டர்கிட்ட போலாம்னா வர மாட்டேங்கிறா. அன்பிட்னு எழுதிட்டா வேலை போயிடும்னு பயப்படறா."

மறுநாளே பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனோம். நரம்பு செத்து, தசை கரைந்துகொண்டே போகும் நோய் என்றார்கள். குணப்படுத்த மருந்து கிடையாது என்றார்கள். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். அந்தப் பதிலை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆறுதலாக இல்லை.

அவளை அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அதுவும் முடியாமல் விடுப்பில் போனாள். நான் தனியாக பஸ்ஸில் போய்வந்தேன். மாலையில் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போய்த் தலைவாரிவிடுவேன். பேச்சும் குழற ஆரம்பித்திருந்த சமயம், ஒரு நாள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு பஸ்ல அப்படி சொன்னதுக்கு என்ன மன்னிச்சிடுடி" என்றேன்.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "லூசு. அது எனக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சி தெரியுமா? அசால்ட்டுன்னா நாளைக்கே சரி பண்ணிக்கலாம் இல்ல? நீ சொன்னத நம்பிக்கினேதான் அதுக்கப்புறம் நிம்மதியா தூங்கினேன்."

அடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள். மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடமும் அணி எடுக்கும் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. அது அவள் நிற்க வேண்டிய இடம்; வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வாளர் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"கை நடுங்குது சார்" என்றேன்.

பொய். என் கை கல் மாதிரி இருந்தது.