சோறு வரும் என்று காத்திருந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுத் தையல்நாயகி அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தட்டு சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க ஸ்கூலில் தொண்டை வற்றக் கத்திவிட்டு, ஞாயிறும் அடுப்படியில் நின்றவள் நான். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

விஷயம் இதுதான். அத்தையின் மகள் சுந்தரிக்கு பிரான்ஸில் டீச்சர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் காரைக்கால்காரர்கள், பிழைக்க ரங்கூன் வந்தாலும் பிரெஞ்சுப் பிரஜைகள். அந்தச் சலுகையில்தான் நானும் போய் வந்தேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்; எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். மறைப்பானேன்?

சுந்தரியை அனுப்புவதா வேண்டாமா என்று அத்தைதான் சொல்லவேண்டும். அதற்கு முன், போய் வந்தவளைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டுமாம்.

"அங்க எப்படிப் போடுவாங்களோ அப்படியே போடு. எம் பொண்ணு எதைத் திங்கப் போறான்னு நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

திரும்பி வந்த நாளிலிருந்து இதே பாடுதான். என்ன படித்தாய் என்று இந்த ஊரில் ஒருவர் கேட்டதில்லை. என்ன தின்றாய்? தவளையா? நத்தையா? — கேட்பவர் வீட்டு அடுக்களையில் பர்மா ஙாப்பி ஜாடி திறந்தே இருக்கும். அழுகின மீன் வாடையில் நின்றுகொண்டு என் ஆசாரத்தை விசாரிப்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சரி, சூப்புக்கு வருவோம். வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்தது. "ஆறிப்போகுது அத்தை" என்றேன்.

"நீ மத்ததையும் கொண்டாந்து வை. சோறு வரட்டும், சாப்பிடுறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பிரான்ஸில் முதல் வாரம் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நமக்கு எல்லாம் இலைக்கு வரவேண்டும். கறி, கூட்டு, சோறு, குழம்பு... வந்த பிறகுதான் கை வைப்போம். அங்கே ஒவ்வொன்றாக வரும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எனக்கு யார் சொன்னார்கள்? நான் தங்கியிருந்த வீட்டுக்கார மதாம் சூப் வைத்தார். சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரைக்காய் வந்தது. காத்திருந்தேன். அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி.

காலனிப் பெண்ணுக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தன் சமையலை இந்தப் பெண் அவமதிக்கிறாள் என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் பேசவில்லை. மேசையில் கிடந்த ரொட்டியைக் கிள்ளித் தின்றே அந்த வாரத்தை ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் சமையலறையைத் தாண்டிப் போகும்போது வாசனை என்னை நிறுத்திவிட்டது. மதாம் அடுப்பருகே நின்று எதையோ ருசி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை நீட்டினார். பருப்பு! காரட்டும் வெங்காயமும் போட்டு வேகவைத்த முழுப் பருப்பு. நின்றபடியே சட்டியில் பாதியைத் தின்றேன். மதாம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் சாப்பாடு சமையலறையில்தான். தவளையும் நத்தையும் அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கிழங்கு, பருப்பு, காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்ட சூப். நேற்று மிஞ்சியதை இன்று புதிது போலக் காட்டுவது... எந்த தேசத்து அடுப்படியிலும் பெண்களுக்கு இதே வேலைதான் போலும்.

இதையெல்லாம் ஆறின சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து அத்தையிடம் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"பிரெஞ்சு பேசத் தெரிஞ்சுதானே போனே?"

"தெரியும் அத்தை."

"பசிக்குதுன்னு சொல்லத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலே?"

அம்மா அடுக்களையிலிருந்து, "அவ எங்க கேப்பா? சின்னதுலேயே ரெண்டாந்தரம் சோறு கேக்கமாட்டா" என்று எடுத்துக்கொடுத்தாள்.

அத்தை சூப்பை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்புப் பத்தவில்லை என்றார். அப்புறம், "எம் பொண்ணுக்கு இந்தத் திமிரெல்லாம் கிடையாது. பசிச்சா சட்டியை உருட்டிடுவா. அவ பொழைச்சுக்குவா, அனுப்புறேன்" என்றார்.

என் படிப்பு சுந்தரிக்குச் சிபாரிசு செய்யும் என்று நினைத்திருந்தேன். செய்தது என்னவோ என் பட்டினிதான்.