காலி என்று காட்டிய அலைவரிசை

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஆராய்ச்சி மாணவிக்கு இது உண்மையாகவே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அவளுடைய கருவிக்கு ஒரே வேலை. ரேடியோ அலைவரிசைகளை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்கும். அந்த அலைவரிசைக்கு உரிமம் பெற்ற உரிமைக்காரர் பேசாமலிருந்தால் அந்த இடத்தில் புகுந்து தகவல் அனுப்பும். அவர் வாய் திறந்த நொடியே விலகிவிட வேண்டும்.

ஆனால் அது அடிக்கடி விலகியது. தகவல்கள் பாதியிலேயே அறுந்தன. எரிச்சலடைந்த பேராசிரியர், மெலிந்த குரல்களையெல்லாம் வெறும் இரைச்சலாக எடுத்துக்கொள்ளும்படி கருவியை மாற்றிவிட்டார். மெதுவாகப் பேசுபவரும் உரிமைக்காரர்தானே என்று அவள் இழுத்தாள்.

"காதுல விழாத குரலுக்கு என்னம்மா மரியாதை?"

போன மாதச் சோதனையில் ஒரு தகவல்கூடத் தவறவில்லை.

அன்று மாலை நிபுணர் குழு வருவதாக இருந்தது. அவர்கள் தலையசைத்தால்தான் அவளுக்குப் பட்டம். மதியமே கருவி முரண்டு பிடித்தது. எந்த அலைவரிசைக்குத் தாவினாலும், யாரோ முந்திக்கொண்டு அங்கே இருந்தார்கள். பேச்சில்லை. ஹெட்போனில் காற்று மட்டும்... உயரத்தில் அடிக்கும் காற்று. பிறகு, மூச்சு.

ஆண்டெனா பெட்டியில்தான் கோளாறு என்று பேராசிரியர் வாக்கிடாக்கியோடு மொட்டைமாடிக்கு ஏறினார்.

"நான் சொன்னதும் கரண்டை நிறுத்து. நிறுத்திட்டுச் சொல்லு."

சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தாள். அவளுடைய வாக்கிடாக்கி ஊமையாக இருந்தது. திரையில் வாக்கிடாக்கியின் அலைவரிசை... காலி.

மணி 2.40.

விளக்குகள் ஒருமுறை மங்கின.

மேலே... தொப்.

அவள் ஓடிப் போனபோது அவர் உடலில் உயிர் இல்லை.

கருவி கேட்டதெல்லாம் பதிவாகும். மறுநாள் விசாரணைக்கு வந்த மின்சாரத்துறை இன்ஜினியர் முன்னால் அதைப் போட்டாள். பேராசிரியரின் குரல் கணீரென்று வந்தது.

"கரண்ட் நிறுத்தியாச்சா?"

ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

"நிறுத்தியாச்சு சார். தைரியமாத் தொடுங்க."

இன்ஜினியர் திரைப் பக்கம் குனிந்தார்.

"எங்க லைன்மேன்மா இது. போன மாசம் கம்பத்துலயே போயிட்டான். 'லைன்ல கரண்ட் விடாதீங்க'ன்னு வயர்லெஸ்ல கத்தியிருக்கான். எங்களுக்கு வந்தது வெறும் இரைச்சல்."

தேதியைக் கேட்டாள். சோதனை நடந்த நாள். அவனுடைய மெலிந்த குரலின் மேல்தான் கருவி தகவல் அனுப்பியிருக்கிறது.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 2.41... 2.42...

"கூட ஒரு பொண்ணு இருந்தாளே சார்?" என்றது அந்தக் குரல்.

காற்று.

பிறகு பேராசிரியர், மிக மெதுவாக...

"கீழதான் இருக்கா."