கத்த வேண்டிய இடம்

ஜூன் 11, செவ்வாய். வழக்கம்போல் ஏழரைக்குக் கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்குப் போய், முன்பதிவு சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். அந்த மென்பொருளை ஜாவாவில் எழுதியவன் நான்தான்.

ஒன்பது மணிக்கு, பதிவு மேசையில் நான் இருந்தபோது, வெள்ளிமலையிலிருந்து மனைவியோடு ஒரு பெரியவர் வந்தார். எங்கள் மருத்துவமனை மலையில் நடத்திய கண் முகாமில் பதிந்தவராம், அன்று அறுவை சிகிச்சையாம். திரையில் முகாம் பட்டியல் காலியாக இருந்தது.

"பதியாம வந்து ஏன் உயிரை வாங்குறீங்க?" என்று கத்தினேன்.

"இன்னா சார், கம்ப்யூட்டர்ல பேரு இல்லன்னா என் கண்ணுல பொரை இல்லன்னு ஆயிடுமா?" என்றவர், மனைவியின் கையைப் பிடித்துத் தடவித் தடவி வெளியே போனார்.

மதியம் சந்தேகம் வந்து நிரலைத் திறந்தேன். சர்வர் எழும்போது பட்டியலை ஏற்றும் வேலையை, முந்தின நாள் நான்தான், எல்லாவற்றுக்கும் முதலில் ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் மாற்றியிருந்தேன். பட்டியலைத் தரும் நிரல் பகுதியான சர்வீஸ் அதற்குப் பிறகுதான் வந்து பொருந்தும். வராத சர்வீஸைக் கூப்பிட்டிருக்கிறேன். பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்படியும் எழுதியிருந்தேன்.

கத்த வேண்டிய நிரலின் வாயைக் கட்டிவிட்டு, அந்த மனிதரிடம் கத்தியிருக்கிறேன். என்மேல் வந்த அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை.

நிரலை அன்றே திருத்தினேன். முகாம் பதிவேட்டில் அவர் முகவரி இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக, அறுவை சிகிச்சைக்கு மருத்துவரிடம் வாங்கிய புதுச் சீட்டோடு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.