கடைசிக் கிரேட்டில் விழுந்த அழைப்புகள்

ஜவளகிரிக்கு அப்பால், காட்டை ஒட்டி என் அக்காவின் கேழ்வரகுக் கொல்லை. அந்த ஆண்டு கதிர் முற்றிவிட்டது, அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மாமாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு. பொழுது சாயும் நேரத்தில் யானை இறங்கினால் கொல்லையில் இருப்பது அக்கா ஒருத்திதான். யானை வருகிறது என்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு சர்வர் இருந்தது. அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் நான். இதற்கு மேல் என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

சர்வர் செய்யும் வேலை இதுதான். காட்டோரம் காவலுக்கு நிற்பவர்கள் யானையைக் கண்டதும் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். உடனே சர்வர் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு வரிசையாகப் போன் போடும். எடுத்தால், பதிவு செய்து வைத்த குரல் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ சேதி சொல்லும். எடுக்காவிட்டால் மறுபடி போடும். எங்களிடம் இருந்த லைன்கள் சொற்பம். முன்னால் இருப்பவர்களுக்குப் போட்டு முடித்தால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு. அக்கா கடைசியாகச் சேர்ந்தவள், வரிசையிலும் கடைசி.

நான் இதையெல்லாம் கல்லூரியில் படித்தவன் இல்லை. சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் போக வரப் போனைப் பார்த்துப் பைத்தான் என்கிற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டவன். அதனாலோ என்னவோ, கம்ப்யூட்டரைப் பற்றி ஜனங்கள் பேசும் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும். சர்வர் மெதுவாக ஓடினால் யானைச் சேதி சொல்லும் எங்கள் ஆபீஸை நடத்தும் அண்ணன், "பொட்டி சோம்பல் முறிக்குதுப்பா" என்பார். அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அக்கா சொன்னது மட்டும் சிரிக்கும்படி இல்லை.

"டேய், உன் பொட்டி எனக்குப் போன் போடறதுக்குள்ள யானை தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டு, அதோட ஊருக்கே போய்ச் சேர்ந்துரும்டா."

திரையில் பார்த்தால் சராசரி நேரம் பிரமாதமாக இருந்தது. போட்ட உடனே எல்லோரும் எடுத்துவிடுவது போல ஒரு கணக்கு. அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் பொய் சொல்வது அளக்கிற புரோகிராம்தான் என்று அதைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. நேரத்தை எடுக்கும் வரிகள் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய் கடைசியில் சராசரி போட்டது. அந்தப் பட்டியலில் சேர்ந்தவை எடுத்துப் பேசிய அழைப்புகள் மட்டும். எடுக்காதவை கணக்கிலேயே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து மாற்றி எழுதினேன். ராயக்கோட்டை மண்டியில் தக்காளியைத் தரம் பிரித்துக் கிரேட்டில், அதாவது பிளாஸ்டிக் பெட்டியில், போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பழத்தையும் யாரும் நினைவில் வைப்பதில்லை. இந்த அளவு இந்தக் கிரேட், அந்த அளவு அந்தக் கிரேட், எதிலும் அடங்காதது கடைசிக் கிரேட். எந்தப் பழம் யார் தோட்டத்துடையது என்று கிரேட்டுக்குத் தெரியாது, எந்தக் கிரேட் எவ்வளவு நிறைந்தது என்று மட்டும் தெரியும். ஹிஸ்டோகிராம் என்பதும் அதுதான். சீக்கிரம் போய்ச் சேர்ந்த அழைப்பு முதல் கிரேட்டில், தாமதமானது அடுத்ததில், ரொம்பத் தாமதமானதும் சேராமலே போனதும் கடைசியில். இந்தத் தடவை ஒரு அழைப்பும் கணக்கில் விடுபடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஓடவிட்ட அன்று மாலையே குட்டு உடைந்தது. முன் கிரேட்டுகளில் அடி மட்டும் நனைந்தாற்போல் கொஞ்சம். கடைசிக் கிரேட் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ கை வைக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தானப்பா ஓடிச்சு?"

"நல்லா ஓடலண்ணா. நல்லா ஓடற மாதிரி காட்டிச்சு."

"அந்த மாதிரியே காட்டிட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம் நீ." சொல்லிவிட்டு அவரே தலையைத் தடவிக்கொண்டார். நல்ல மனுஷன். "எடுக்கலன்னா இன்னும் ரெண்டு தடவை சேர்த்து அடிக்கச் சொல்லு. எத்தன தடவைதான் தூங்குவான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. மறுமுயற்சியைக் கூட்டினோம். கடைசிக் கிரேட் இன்னும் உயர்ந்தது. வரிசையை எழுதிய விதத்தை மாற்றினேன், தேவையில்லாமல் காத்திருக்கும் இடங்களை வெட்டினேன், டேட்டாபேஸைத் துருவினேன். சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அக்காவுக்கு நானே என் போனிலிருந்து போட்டு, "ஒண்ணும் இல்லையேக்கா?" என்று கேட்பேன். "இன்னிக்கு இல்ல" என்பாள். அந்த 'இன்னிக்கு' என்ற சொல்லில் என் உயிர் ஊசலாடும்.

மிச்சம் இருந்த சந்தேகம் ஒன்றுதான், டவர். காட்டோரம் சிக்னல் சரியில்லாமல் அழைப்பு போய்ச் சேரவில்லையோ? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேன்கனிக்கோட்டை போய், பஸ் மாறி, மதியத்துக்கு மேல் அக்கா வீட்டில் இறங்கினேன். சிக்னல் முழுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனிச் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

பொழுது சாயும்போது அக்காவும் நானும் கொல்லை மேட்டில் நின்றோம். கேழ்வரகு தலை சாய்த்து நின்றது, நடுநடுவே சாலுக்குச் சால் அவரை. பக்கத்துக் கொல்லைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கட் செய்தார். எழுந்து கையை வாயருகே குவித்துக் காட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார். மறுபடி அடித்தது. மறுபடி கட். தூரத்தில் யாரோ கன்னடத்தில் "ஆனே! ஆனே!" என்று கூவினார்கள். தகர டப்பா தட்டும் சத்தம் கேட்டது. போன் மறுபடி அடித்தது.

"ஏங்க எடுக்க மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"எடுத்தா இன்னா சொல்லும்? யானை வருதுங்கும். அதான் அந்த நம்பர்ல மணி அடிச்சாலே தெரியுதே! அதுகூட நின்னு பேசிகினு இருந்தா கொல்லைய யார் பாக்கறது?" டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது இடுப்பில் போன் மறுபடி அடித்தது. "இதான் ஓயாம அடிக்குது, சனியன்!"

அங்கே எல்லோரும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லவும் மிஸ்டு கால், பால் வண்டி வந்ததைச் சொல்லவும் மிஸ்டு கால். மணி அடிப்பதே அவர்களுக்குச் சேதி. கட் செய்தால் 'புரிந்தது' என்று பொருள். என் சர்வருக்கு அது தோல்வி. புரிந்துகொண்டு ஓடிய மனுஷனையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, இருக்கிற லைனையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கையில் போனைப் பிடித்தபடி நின்றாள். அது அடிக்கவே இல்லை. அடிக்காததால் யானை தன் கொல்லைப் பக்கம் இல்லை என்று நினைத்து நின்றிருந்தாள்.

அதற்குள் கீழ்ப்பக்கம் கேழ்வரகு அசைந்தது. காற்று இல்லை. கறுப்பாக ஒன்று, அதன் பின்னால் இன்னும் சில. அக்கா கத்தினாள், நான் டப்பாவைத் தட்டினேன். விளிம்பிலேயே தடுத்திருந்தால் திரும்பியிருக்கும். நடுக் கொல்லைக்கு வந்துவிட்ட பிறகு யார் சொன்னால் கேட்கும்? அக்கா கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தேன். "விடுடா! விடுடா!" என்று என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். கதவைச் சாத்தினோம். வெளியே கேழ்வரகுத் தாள் முறியும் சத்தம். அப்போதுதான் அவள் போன் அடித்தது.

அவள் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். 'உங்கள் பகுதிக்கு யானை வருகிறது' என்று பெண் குரல் மரியாதையாகச் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் முதல் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்து மாற்றி எழுதினேன். மணி அடித்த கணத்தில் ஒரு கடிகாரம் நிற்கும், எடுத்துப் பேசியதற்குத் தனிக் கடிகாரம். இரண்டுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம். அடித்தபின் கட் செய்தால் சேதி சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டு சர்வர் அடுத்தவருக்குப் போகும். மாற்றியது சில வரிகள்தான். அதை எழுதும்போது கண்ணீர் மறைத்தது, பக்கத்து சீட்காரர் ஜன்னலைச் சாத்தினார், தூசி என்று நினைத்தார் போல.

சில நாள் கழித்து, ஆபீஸில் மாலை. முதல் கிரேட் மளமளவென்று நிறைந்தது. அண்ணன் கை தட்டினார். நான் அக்காவுக்குப் போட்டேன்.

"மணி அடிச்சுதாக்கா?"

"அடிச்சுது. கட் பண்ணிட்டேன்."

"யானை?"

"வந்துச்சு. ஓரமா நின்னு பாத்துச்சு. தின்ன இன்னா இருக்குது? அவரைச் செடிய ரெண்டு வாய் பிடுங்கிகினு போயிருச்சு."

"அடுத்த வருஷம் ராகி போடுவியா?"

"மாமா வேணாங்கறாரு. நானும் கம்பெனிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டேன்." பிறகு, "உன் பொட்டி இனிமே இப்பிடியே ஒழுங்கா அடிக்குமாடா?"

"அடிக்கும்க்கா."

சொல்லும்போது திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கிரேட்டில் அடியில் ஒட்டினாற்போல் இன்னும் சில அழைப்புகள் கிடந்தன. யாருடைய கொல்லை, எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. கிரேட்டுக்கு அது தெரியாது.