பாவுக்கு மேலே ஒரு கிளை

காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வழி தவறி, நெசவாளர் தெரு ஒன்றுக்குள் வந்துவிட்டேன். காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. ஒரு புங்கமரத்தடியில் ஒதுங்கி நிற்கிறேன். புடவை நெய்வதற்காக, தெரு நீளத்துக்கு அரக்குப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவியிருக்கிறார்கள். அதன் நடுவில் காக்கை எச்சம் விழுந்திருக்கிறது. பாவுக்குச் சொந்தக்காரரான ஏகாம்பரம் கோபத்தில் மரத்தையே வெட்ட ஆள் கூட்டி வந்துவிட்டார். அந்த ஆள் கத்தியோடு மேலே ஏறிவிட்டார்.

“ஊரே கொதிக்குது. இருக்கிற ஒரு மரத்தையும் வெட்டுவியாண்ணா?” என்கிறார் எதிர்வீட்டுக் கன்னியம்மா.

“உலகம் சூடாவுறது இந்த ஒரு மரத்தாலயா? கார் ஓட்றவனப் போய்க் கேளும்மா. கறை பட்ட புடவைய நீ கட்டிக்குவியா?”

“குடுத்துப் பாரு, கட்டிக்கினு கோயிலுக்கே போறேன்.”

ஏகாம்பரத்துக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. என் பக்கம் திரும்புகிறார். “நீங்க சொல்லுங்க சார், வெட்டலாமா?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“நெழல்ல நின்னுக்கினே தெரியாதுங்கிறாரு பாரு!” என்கிறார் கன்னியம்மா.

முதல் கிளை ஓரமாக விழுகிறது. அது இருந்த இடம் வழியாக வெயில் நேரே பாவின் மேல் இறங்குகிறது. கஞ்சி சட்டென்று காய்ந்து இழைகள் விறைத்து, இரண்டு அறுகின்றன. ஏகாம்பரம் குனிந்து முடிச்சுப் போடுகிறார். மூன்றாவதும் அறுகிறது.

“போதும், எறங்குப்பா,” என்கிறார், நிமிராமலே.