பாதியாக வெட்டிய காயில்

அடுப்படியிலிருந்து கட்டிங் பிளேயர் கம்பியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. முன்னறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த ஜெயமேரியின் கால் நின்றது.

"ஏனுங்க, என்னத்த வெட்டறீங்க?"

"கரண்டு அடுப்புக் காயிலத்தான் புள்ள, அந்தச் சுருள் கம்பிய. பாதியாக்கிட்டேன். இனிச் சோறு சீக்கிரம் வேகும் பாரு."

அவள் கணவன் பெரியநாயகம், நாகலூரைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்கு வயரிங் செய்பவன். காப்பிப் பருவத்தில் சாயங்காலமானால் பழம் தோலெடுக்கும் மோட்டார்கள் ஓடும். வோல்டேஜ் இறங்கி வீட்டு பல்புகள் சோர்ந்துவிடும், அடுப்பும் சூடேறாது. மீட்டர் வைத்துப் பார்த்து, சுவரில் கரித்துண்டால் எழுதினான். நூற்றைம்பது வோல்ட், மூன்று ஆம்ப்ஸ். வகுத்தால் தடை ஐம்பது ஓம். பெருக்கினால் நானூற்றைம்பது வாட். காயில் பாதியானால் தடை இருபத்தைந்து. ஆறு ஆம்ப்ஸ் இழுக்கும், தொள்ளாயிரம் வாட். ஃபியூஸ் போகாதிருக்க அதன் கம்பியையும் இரட்டையாக முறுக்கினான்.

ஜெயமேரிக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒண்டிக்கடை பஜாரிலிருந்து வரும் பள்ளிச் சீருடைத் துணியைத் தைத்துத்தான் அவள் அந்தக் குடும்பத்தில் தலைநிமிர்ந்து நின்றாள். பிறந்த வீட்டுத் தோடும் வளையலும் போய் வெகுகாலமாயிற்று. அவளுடையதென்று மிஞ்சியிருந்தவை பத்து விரல்கள்.

தை பிறந்தது. பழம் முடிந்து மோட்டார்கள் ஓய்ந்தன. அன்று சாயங்காலம் கரண்டு முழு மூச்சாக வந்தது. உலை வைத்த அடுப்பில் காயில் வெள்ளையாகக் கனன்றது. பிளக்கிலிருந்து புகை வந்தது. சுவிட்சைத் தட்டினாள், அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். உருகிய பிளக் அவள் வலது கை விரல்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கட்டு பிரித்த மறுவாரம் சாந்தாமேரி வந்தாள். சீருடைத் துணி கொடுக்கும் மேஸ்திரியம்மா அவள்தான்.

"கை எப்படி இருக்குது கண்ணு?"

ஜெயமேரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சின்னக் காயந்தானுங்க அக்கா. திங்கக்கிழமை தைக்க உக்காந்திருவேன்."

"அப்பச் சரி. துணி உங்கிட்டயே இருக்கட்டும்."

ஜெயமேரிக்கு உயிர் வந்தது. அப்போது அடுப்படி வாசலில் பெரியநாயகம் வந்து நின்றான். ஊரே தன் வேலையைக் குறை சொல்கிறது என்ற புழுக்கம் அவனுக்கு.

"எங்கணக்குல தப்பில்லீங்க. நூத்தம்பதுக்குப் போட்ட கணக்கு. எரநூத்து முப்பது வந்தா நான் என்ன பண்றது? ஒம்பது ஆம்ப்ஸுக்கு மேல இழுத்திருக்குது. ரெண்டாயிரம் வாட்டுக்கு மேலங்க. அஞ்சு ஆம்ப்ஸ் பிளக் தாங்குமா? அந்தச் சூட்டுல வெந்த வெரலு இனி மடங்குமான்னு கேட்டா டாக்டரே கையை விரிச்சிட்டாரு."

சாந்தாமேரி ஜெயமேரியைப் பார்த்தாள். மிஷின் பலகையில் கிடந்த குண்டூசியைக் காட்டினாள்.

"அதை எடு கண்ணு."

ஜெயமேரி எடுக்கப் பார்த்தாள். விறைத்த விரல்கள் ஊசியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பலகையின் விளிம்பிலிருந்து கீழே விழச் செய்தன.

"நான் கணக்கச் சொன்னேன், அவ்வளவுதாங்க" என்றான் பெரியநாயகம்.

ஜெயமேரி அவனைப் பார்க்கவில்லை. "கணக்கு நொம்ப சரிங்க" என்றாள். "எங்கையத்தான் நீங்க அதுல சேத்துக்கல."

சாந்தாமேரி வெட்டிய துணி, வெட்டாத துணி எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டினாள். "பஸ் வந்திரும் கண்ணு" என்றாள். மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

தாழ்ப்பாள் வலது கைக்கு வசமாகப் போட்டது. ஜெயமேரி கதவைச் சாத்தி, இடது கையால் தடவித் தடவி அதைப் போட்டாள்.